எதுவார் குபேர்: கடைசி நேரத்தில் பக்கம் மாறியவரா, இணைப்பை முடித்துக் கொடுத்தவரா?

கேள்வி: பாகூர் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். பாகூர் கொம்யூனில் (பிரெஞ்சுக் காலத்திலிருந்து வரும் உள்ளாட்சிப் பிரிவுக்கு இங்கே அதுதான் பெயர்) ஒரு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். நவம்பர் 1 புதுச்சேரி விடுதலை நாள் விழாவில் பேசுவதற்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைத் தயார் செய்துகொண்டிருந்தபோது ஒரு பையன் எழுந்து, "டீச்சர், குபேர் மார்க்கெட்டு குபேரன் சாமி பேருல இருக்குதா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. யோசித்துப் பார்த்தால் அவன் கேட்டதில் தவறு ஒன்றும் இல்லை. பெரிய மார்க்கெட்டுக்கும் கடற்கரைச் சாலைக்கும் ஒரே மனிதரின் பெயர்தான் வைக்கப்பட்டிருக்கிறது என்பது, தினமும் அங்கே காய் வாங்கி இங்கே காற்று வாங்குகிற பெரியவர்களில் பலருக்கே தெரியாது. பிரெஞ்சுப் பெயரின் கடைசி எழுத்தைப் பிரெஞ்சிலேயே உச்சரிப்பதில்லை; குபேர் என்றுதான் ஒலிக்கும் என்பதால் பையனுக்குச் செல்வத்தின் அதிபதி நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை.

அன்று மாலையே தேடிப் படிக்கத் தொடங்கினேன். எதுவார் குபேர் 1894 ஜூலை 29-இல் புதுச்சேரியில் பிறந்தவர். தந்தை பிரெஞ்சுக்காரர், தாய் இந்தியர். பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சியின் தலைவராக இருந்து, 1951-இல் பாரிஸ் நாடாளுமன்றத்துக்குப் பிரெஞ்சிந்தியாவின் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதுவரை இந்தியாவுடன் இணைவதற்கு எதிரான அணியின் முதல் மனிதர் அவர்தான். அப்படிப்பட்டவர் 1954 மார்ச் 31-இல் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடியேற்றித் தற்காலிக அரசை அமைக்கிறார். 1963 ஜூலை 1-இல் புதுச்சேரி ஒன்றிய ஆட்சிப்பகுதியின் முதல் முதலமைச்சராகிறார். 1964 செப்டம்பர் 10-உடன் அந்தப் பதவி முடிகிறது. பதினான்கு மாதங்கள், சில நாட்கள்.

எனக்கு இரண்டு இடங்கள் விளங்கவில்லை. பிரான்சின் தயவில் அவ்வளவு உயரத்துக்குப் போனவர் திடீரென்று இந்தப் பக்கம் வந்தது எதனால்? இணைப்பை நடத்தி வைத்தவர் என்ற பெயரோடு முதலமைச்சரானவர், இரண்டாவது ஆண்டைக்கூட முடிக்காமல் ஏன் ஓரங்கட்டப்பட்டார்? பாடப்புத்தகம் இரண்டையும் ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகிறது. பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாமலும் அவர்களைக் குழப்பாமலும் இதை எப்படிச் சொல்வது என்று, விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: முத்தியால்பேட்டை ஓய்வூதியர்

அம்மா, தங்கள் மாணவனுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். என் பேத்தி ஒருமுறை கடற்கரையில் மேரி கட்டடத்தைப் பார்த்துவிட்டு, "மாதா கோயில் மாதிரியே இல்லையே தாத்தா" என்றாள். மேரி என்றால் நகராட்சி மன்றம், மேர் என்றால் மேயர் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். குபேரின் அரசியல் வாழ்க்கை முழுவதும் அந்தச் சொல்லுக்குள்தான் இருக்கிறது.

பிரெஞ்சு ஆட்சியில் ஒவ்வொரு கொம்யூனுக்கும் ஒரு மேரி உண்டு. பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு அங்கே. வாக்காளர் பட்டியல் அங்கே. வாக்காளர் அட்டை வழங்குவதும் வாக்குப்பதிவை நடத்துவதும் அங்கே. ஆகவே மேர் யார் கையில் இருக்கிறாரோ, அந்த கொம்யூனின் தேர்தல் பெரும்பாலும் அவர் கையில் இருக்கும். புதுச்சேரிப் பகுதியில் அப்போது எட்டு கொம்யூன்கள்: புதுச்சேரி, அரியாங்குப்பம், முதலியார்பேட்டை, உழவர்கரை, வில்லியனூர், திருபுவனை, பாகூர், நெட்டப்பாக்கம். 1948 அக்டோபரில் நகராட்சித் தேர்தல் நடந்தபோது சோஷலிஸ்ட் கட்சி பெருவாரியான இடங்களைப் பிடித்தது. குபேரின் பலம் அன்று தொடங்கியது. பாரிஸில் அவர் பேசிய பேச்சுகளைவிட, எந்த கொம்யூனில் யார் மேர் என்பதை முடிவு செய்யும் இடத்தில் அவர் இருந்ததுதான் அவரை இந்த ஊரின் அசைக்க முடியாத மனிதராக்கியது.

இதன் இன்னொரு முகத்தையும் சொல்லியாக வேண்டும். 1948 ஜூனில் இந்தியாவும் பிரான்சும் மக்கள் விருப்பத்தைக் கேட்டு முடிவு செய்வதாக ஒப்புக்கொண்டன. வங்காளத்தில் இருந்த பிரெஞ்சுப் பகுதியான சந்திரநாகூர் 1949 ஜூனில் வாக்களித்து இந்தியாவோடு சேர்ந்துவிட்டது. புதுச்சேரியில் அந்த வாக்கெடுப்பு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. 1951-இல் நடுநிலைப் பார்வையாளர்கள் வந்து பார்த்துவிட்டு, நேர்மையான வாக்கெடுப்பு நடத்தும் நிலை இங்கே இல்லை என்று அறிக்கை கொடுத்தார்கள். பட்டியலை எழுதுவதும் அட்டையைக் கொடுப்பதும் கட்சிக்காரர்களின் கையில் இருக்கும்போது அவர்கள் வேறு என்ன எழுதியிருக்க முடியும்?

எனவே 1954 தொடங்கும்போது இருந்த கணக்கு இதுதான். வாக்கெடுப்பு நடந்தால் அதை நடத்துகிறவர்கள் குபேரின் ஆட்கள். அதை இந்தியா ஏற்காது. வாக்கெடுப்பு நடக்காவிட்டால் பிரான்சு போகாது, ஏனென்றால் அவர்களுடைய 1946 அரசியல் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, சம்பந்தப்பட்ட மக்களின் இசைவு இல்லாமல் எந்த நிலத்தையும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்கிறது. இந்த முடிச்சு டெல்லியிலும் அவிழவில்லை, பாரிஸிலும் அவிழவில்லை. அவிழ்க்கக்கூடியவர்கள் அந்த எட்டு மேர்கள் மட்டுமே.

1954 மார்ச் 18-இல் அதுதான் நடந்தது. வாக்கெடுப்பே வேண்டாம், உடனே இந்தியாவுடன் இணைக்க வேண்டும் என்று புதுச்சேரிப் பகுதியின் மேர்களும் ஆட்சிக் குழுவினரும் தீர்மானம் போட்டார்கள். அடுத்த சில நாட்களில் காரைக்காலும் அதே வழியில் வந்தது. பிரெஞ்சு நிர்வாகம் தன் காலடியில் இருந்த பாயை அதன் சொந்தக்காரர்களே சுருட்டிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு நின்றது. மார்ச் 31-இல் நெட்டப்பாக்கம் காவல் நிலையத்தில் கொடி ஏறியதை நாம் விழாவாகக் கொண்டாடுகிறோம். உண்மையில் பிரெஞ்சிந்தியா முடிந்தது மார்ச் 18-இல் என்பேன்.

ஏன் நெட்டப்பாக்கம் என்று மாணவர்கள் கேட்டால், வரைபடத்தைக் காட்டுங்கள். புதுச்சேரி ஒரே துண்டாக உள்ள நிலம் அல்ல. நடுநடுவே அன்றைய தென்னாற்காடு மாவட்டத்து ஊர்கள். நெட்டப்பாக்கம் தலைநகரிலிருந்து தள்ளி, இந்திய எல்லையை ஒட்டி இருந்தது. அங்குள்ள செல்வாக்கு மிக்க நிலக்கிழார் குடும்பங்கள் இணைப்பை ஆதரித்தன. பிரெஞ்சுக் காவலர்கள் அங்கே போய்ச் சேர்வதே பாடு. ஐம்பத்தொன்பது வயது மனிதர் ஒருவர் அரசு அமைக்க இடம் தேடும்போது இதையெல்லாம் பார்க்காமலா இருப்பார்?

அவர் ஏன் மாறினார் என்பதற்கு அவருடைய எதிரிகள் சொல்லும் காரணம், நிர்வாகத்தோடு அவருக்கு உரசல் முற்றி, விசாரணை வரும் என்று அஞ்சினார் என்பது. அவருடைய ஆதரவாளர்கள் சொல்லும் காரணம், மக்கள் படும் பாட்டைப் பார்த்து மனம் மாறினார் என்பது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை மற்றவர்களைவிட ஒரு மாதம் முன்னால் உணர்ந்தார் என்பது என் எண்ணம். தனியாகத் தாவாமல் எட்டு மேரிகளையும் கூட்டிக்கொண்டு தாவினார் என்பதால்தான் அதற்கு இந்த விளைவு.

பதில் 2: கடலூர் மஞ்சக்குப்பம் வாசகி

ஓய்வூதியர் ஐயா நிர்வாகப் பக்கத்தை விளக்கிவிட்டார். எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களின் கண்ணால் கொஞ்சம் பார்க்கிறேன், ஏனென்றால் "காற்று அடித்த பக்கம்" என்று அவர் எழுதிய அந்தக் காற்று எங்கள் ஊர் வழியாகத்தான் அடித்தது.

1949 ஏப்ரல் 1-இல் இந்தியாவுக்கும் பிரெஞ்சிந்தியாவுக்கும் இடையே இருந்த சுங்க உடன்பாடு முடிந்துபோனது. அன்றிலிருந்து கடலூரிலிருந்து பாகூருக்குப் போவதும் வெளிநாட்டுக்குப் போவதும் ஒன்றாகிவிட்டது. வெளிநாட்டுச் சாமான்கள் புதுச்சேரித் துறையில் தாராளமாக இறங்கும். அவை இந்தியாவுக்குள் வந்தால் கடத்தல். என் பாட்டி பாகூர்ப் பக்கத்தில் பிறந்து கடலூரில் வாழ்க்கைப்பட்டவர். தாய்வீட்டிலிருந்து திரும்பும்போது எல்லைச் சாவடியில் மூட்டையைப் பிரித்து, புளி உருண்டையைக்கூடக் கம்பியால் குத்திப் பார்ப்பார்களாம். தம்பி கொடுத்த வாசனைச் சோப்பு ஒன்றைக் கைக்குழந்தையின் துணிக்குள் சுற்றிக் கொண்டுவந்து, அதை ஆறு மாதம் உபயோகிக்காமல் பீரோவில் புடவைகளுக்கு நடுவே வைத்திருந்ததை எண்பது வயதிலும் சிரித்துக்கொண்டே சொல்வார். சோப்புக்குச் சிரித்த அதே பாட்டி, தன் தந்தை இறந்தபோது சாவடியில் காத்திருந்து, போய்ச் சேருவதற்குள் எடுத்துவிட்டார்கள் என்பதைச் சொல்லும்போது பேச்சை நிறுத்திவிடுவார்.

இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே குடும்பத்தின் வயல் ஒரு நாட்டிலும் களம் இன்னொரு நாட்டிலும் இருந்த ஊர்கள் இவை. அரிசி, மண்ணெண்ணெய், நூல், துணி என்று எல்லாமே சுற்றியுள்ள இந்தியப் பகுதியிலிருந்து வந்தாக வேண்டும். 1954 தொடக்கத்தில் அனுமதிச்சீட்டுக் கெடுபிடி மேலும் இறுகியபோது, பிரான்சின் கீழேயே இருப்போம் என்று சொன்னவர்களின் வீட்டு அடுப்பும் எரியவில்லை. கிராமப்புற கொம்யூன்களின் மேர்கள் நகரத்துக்காரர்களுக்கு முன்பாகவே ஆட்டம் கண்டதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். குபேர் அவர்களை அழைத்துச் சென்றாரா, அவர்கள் குபேரை இழுத்துச் சென்றார்களா என்பது எனக்கு இன்னும் தீராத கேள்வி.

இன்னொன்று. பிரான்சின் நிலையும் அன்று சாதாரணமாக இல்லை. 1954 மே 7-இல் வியட்நாமில் பிரெஞ்சுப் படைத்தளமான தியன் பியன் பூ வீழ்ந்தது. அதன் பிறகு பாரிஸில் வந்த பிரதமர் மெந்தேஸ் பிரான்சின் அரசு, இருக்கும் தலைவலிகளில் சிறியதையாவது கழற்றிவிடலாம் என்ற மனநிலைக்கு வந்திருந்தது. மார்ச்சில் குபேர் அடித்த ஆணி அக்டோபரில் இறங்கியதற்கு அந்தப் போர்க்களமும் ஒரு சுத்தியல்.

பதில் 3: உருளையன்பேட்டை, ஆலைத் தொழிலாளியின் மகன்

இருவரும் மிக நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் படித்து முடித்தபோது நெஞ்சு உறுத்தியது. புதுச்சேரியின் விடுதலை என்றால் 1954-இல் தொடங்கி 1954-இல் முடிந்தது போலவும், அதைத் தொடங்கியவர் குபேர் போலவும் ஒரு தோற்றம் வருகிறது. மாணவர்களுக்கு அப்படிச் சொல்லிவிடாதீர்கள், அம்மா.

1936 ஜூலை 30-இல் சவானா பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் இறந்தார்கள். அந்தப் போராட்டத்தின் விளைவாக 1937-இல் எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது. ஆசியாவிலேயே அதுதான் முதல் முறை என்று எங்கள் அப்பா மே தினக் கூட்டத்திலிருந்து வந்து தினமும் சொல்லாத குறையாகச் சொல்வார். அந்த இயக்கத்தின் தலைவர் வ. சுப்பையா. அவர் சிறைக்குப் போனார், நாடுகடத்தப்பட்டார். 1950 ஜனவரியில் அவருடைய வீடு எரிக்கப்பட்டது. அப்போது நகரில் யாருடைய அதிகாரம் கொடிகட்டிப் பறந்தது என்பதை ஓய்வூதியர் ஐயாவே மேலே எழுதியிருக்கிறார். இணைப்பை ஆதரித்துப் பேசியவர்கள் தெருவில் நடக்க முடியாத காலம் அது. அப்போது அதைத் தடுக்க ஒரு விரலும் அசைக்காத கட்சியின் தலைவருக்கு மார்க்கெட்டும் கடற்கரையும். அதற்கு முன்னால் இருபது ஆண்டுகள் அடிபட்டவர்களுக்கு ஒரு சிலை, ஓர் ஆண்டு விழா.

1954-இலும் குபேர் ஒருவர்தான் களத்தில் இருந்தார் என்பது சரியில்லை. ஏப்ரலில் திருபுவனையைப் பிடித்தவர்கள் கம்யூனிஸ்டுகள். ஏனாம் ஜூனில் விடுபட்டது, அங்கே முன்னின்றவர் ததலா ரபேல் ரமணய்யா. மாஹே ஜூலை 16-இல் விடுபட்டது, அங்கே ஐ.கே. குமாரன். இவர்களில் யாரும் குபேரின் தீர்மானத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கவில்லை.

மாறியதற்காக நான் அவரைக் குறை சொல்லவில்லை. மாறாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை உயிர் போயிருக்குமோ. மாறுவதற்கு முன்பு இருந்த ஆறு ஆண்டுகளைக் கல்வெட்டிலிருந்து அழித்துவிட்டு, மாறிய பின் வந்த நாட்களை மட்டும் வெட்டி வைத்திருப்பதுதான் என் குறை.

பதில் 4: பாகூர் ஆசிரியை (கேள்வி கேட்டவர்)

மூவருக்கும் நன்றி. உருளையன்பேட்டை நண்பர் சொன்ன குறை நியாயமானது. சவானா ஆலையையும் சேர்த்தே சொல்வேன். மஞ்சக்குப்பம் அக்காவின் பாட்டி எந்த ஊர் என்று தெரிந்துகொள்ள ஆசை; பாகூர்ப் பக்கம் அந்தச் சாவடிக் கதைகள் எல்லார் வீட்டிலும் உண்டு, எங்கள் வீட்டில் சோப்புக்குப் பதில் குடை. இரண்டாவது கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது: முதலமைச்சர் பதவி ஏன் நிற்கவில்லை?

பதில் 5: முத்தியால்பேட்டை ஓய்வூதியர்

உருளையன்பேட்டைத் தம்பியின் கண்டனத்தை ஏற்கிறேன். சுப்பையாவை விட்டுவிட்டுக் குபேரைப் பேசுவது பந்தியில் பாதி இலையைப் போட்டுவிட்டு விருந்து முடிந்தது என்பது போலத்தான். இனி அம்மாவின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

1954 அக்டோபர் 18-இல் கீழூரில் பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களுமாக 178 பேர் கூடினார்கள். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. அக்டோபர் 21-இல் டெல்லியில் உடன்பாடு. நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. கேவல் சிங் தலைமை ஆணையராகப் பொறுப்பேற்றார். 1956 மே 28-இல் ஒப்பந்தம் கையெழுத்தானாலும் பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை உறுதி செய்து முடிப்பதற்குள் 1962 ஆகஸ்டு 16 வந்துவிட்டது. அதாவது எட்டு ஆண்டுகள் நாம் சட்டப்படி பிரான்சு, நடைமுறையில் இந்தியா. குபேர் போன்ற ஒருவருக்கு அந்த எட்டு ஆண்டுகள் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவர் ஏறி வந்த ஏணியின் ஒவ்வொரு படியையும், நல்லெண்ணத்தோடுதான், ஒருவர் வந்து கழற்றிக்கொண்டிருந்தார்.

முதல் படி கட்சி. பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சி போய், அவருடைய ஆட்களும் அவர்களுடைய பழைய எதிரிகளும் ஒரே காங்கிரசுக்குள் வந்து உட்கார்ந்தார்கள். 1955 தேர்தலில் 39 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 20. ஒருவர் தும்மினால் ஆட்சி போகும் பெரும்பான்மை. அந்த அவை நிலைக்கவில்லை. 1959-இல் மறுபடி தேர்தல், இம்முறை 21. இரண்டு முறையும் எதிரில் வலுவாக உட்கார்ந்திருந்தது சுப்பையாவின் மக்கள் முன்னணி. காங்கிரசுக்குள்ளேயே குபேரைச் சுற்றி ஓர் அணி, மதுக்கரை வெங்கடசுப்பா ரெட்டியாரைச் சுற்றி ஓர் அணி. நெட்டப்பாக்கத்தில் கொடியேற இடம் கொடுத்த வட்டாரத்தின் செல்வாக்கே இப்போது அவருக்குப் போட்டியாக நின்றது.

இரண்டாவது படி வாக்கு முறை. இந்தியத் தேர்தல் சட்டம் வந்தபிறகு பட்டியல் எழுதுவதும் பெட்டி எண்ணுவதும் மேரிகளின் கையை விட்டுப் போனது. ஊர் ஊராகப் போய் மேடையேறித் தமிழில் பேசி வாக்குக் கேட்கும் அரசியல் வந்தது. குபேருக்குத் தமிழ் தெரியும், மக்களும் தெரியும். ஆனாலும் அது அவர் பழகிய ஆட்டம் அன்று.

1963 ஜூலை 1-இல் பிரதிநிதித்துவ சபை சட்டமன்றமாக மாறியபோது, முதல் முதலமைச்சராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். வயது அறுபத்தெட்டு முடிந்து அறுபத்தொன்பது தொடங்க இன்னும் ஒரு மாதம் இருந்தது. என் கணிப்பில் அது 1954-க்கான நன்றிக்கடன். கடனை அடைத்ததும் கணக்கை முடித்துவிட்டார்கள். 1964-இல் 30 இடங்களுக்குத் தேர்தல் நடந்து காங்கிரஸ் 22 இடங்களைப் பிடித்தது. அவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகு முதலமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்தவர் வெங்கடசுப்பா ரெட்டியார். தோல்வியடைந்து பதவி இழக்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். தன் கட்சி மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலே வென்றபோது பதவி இழந்தவர் குபேர்.

இன்னும் ஒன்றைச் சொல்லாவிட்டால் மேரிக் கதை முடியாது. நகராட்சி, கொம்யூன்களுக்கான தேர்தல் 1968-இல் ஒருமுறை நடந்தது. அடுத்த தேர்தல் 2006-இல். முப்பத்தெட்டு ஆண்டுகள்! அந்த முப்பத்தெட்டு ஆண்டுகளில் சட்டமன்ற உறுப்பினர்தான் தொகுதிக்கு மேர், கவுன்சிலர், எல்லாமே. குபேரின் காலத்தில் அதிகாரத்தின் ஊற்றாக இருந்த மேரி, அலுவலர்கள் கோப்பு நகர்த்தும் கட்டடமாகி, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய வடிவத்திலேயே கட்டி 2021-இல் திறந்தார்கள். மாலையில் விளக்குப் போட்டால் அழகாகத்தான் இருக்கிறது.

மாறுவது என்பது அவரோடு நின்றுவிடவில்லை என்பதையும் பெரியவர்களுக்குள் சொல்லிக்கொள்ளலாம். 1974 மார்ச்சில் வந்த அமைச்சரவை அந்த மாதத்தையே தாண்டவில்லை. 2008-இல் சொந்தக் கட்சி உறுப்பினர்களின் எதிர்ப்பால் விலகிய ரங்கசாமி, 2011 பிப்ரவரியில் புதுக் கட்சி தொடங்கி மே மாதத்தில் மீண்டும் முதலமைச்சரானார். 2021 பிப்ரவரியில் நாராயணசாமி அரசு உறுப்பினர்கள் விலகியதால் பெரும்பான்மை இழந்தது. முப்பது பேர் கொண்ட அவையில் இரண்டு பேர் நாற்காலியை நகர்த்தினாலே அரசு நகர்ந்துவிடுகிறது. இவற்றோடு ஒப்பிடும்போது, 1954-இல் நடந்த மாற்றம் ஒன்றுதான் ஒரு நாட்டின் எல்லையை மாற்றியது.

பதில் 6: கடலூர் மஞ்சக்குப்பம் வாசகி

ஐயா எழுதியதில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். 1979 ஜனவரியில், ஒன்றிய ஆட்சிப்பகுதிகளை அண்டை மாநிலங்களோடு சேர்க்கலாம் என்று அன்றைய பிரதமர் மொரார்ஜி தேசாய் பேசியதைக் கேட்டுப் புதுச்சேரியே கொதித்தெழுந்தது. தமிழ்நாட்டோடு சேரமாட்டோம் என்று கட்சி வேறுபாடு இல்லாமல் தெருவில் இறங்கினார்கள். 1956 ஒப்பந்தத்தின்படி மக்களைக் கேட்காமல் எங்கள் நிலையை மாற்ற முடியாது என்பது அவர்களின் வாதம். குபேர் அப்போது உயிரோடு இருந்தார், எண்பத்து நான்கு வயது. அதே ஆண்டு ஆகஸ்டு 14-இல் காலமானார். இணைப்பு என்ற சொல்லை வைத்து வாழ்நாளில் ஒருமுறை எதிரணியிலும் ஒருமுறை தலைமையிலும் நின்றவர், அந்த ஜனவரியில் ஜன்னல் வழியே அந்த முழக்கத்தைக் கேட்டு என்ன நினைத்திருப்பார்? எங்கள் கடலூர்க்காரர்களுக்கு அந்தப் போராட்டத்தில் கொஞ்சம் மனவருத்தம் உண்டு என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆசிரியைக்கு ஒரு யோசனை. பிள்ளைகளைக் கீழூர் நினைவிடத்துக்கு அழைத்துப் போங்கள். 170 என்ற எண்ணைச் சொல்லிவிட்டு நிறுத்தாமல், அந்த 8 பேர் ஏன் எதிர்த்திருப்பார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். ஒரு பையன் ஓய்வூதியம் என்பான், ஒருத்தி பயம் என்பாள், இன்னொருவன் கொண்ட கொள்கை என்பான். குபேர் மார்ச்சில் மாறாமல் இருந்திருந்தால் அந்தக் கூட்டத்தில் அவர் எந்தப் பக்கம் கை தூக்கியிருப்பார் என்றும் கேட்கலாம். எட்டாம் வகுப்புக்கு இது கடினமான பாடமே இல்லை. விளையாட்டில் அணி மாறுகிறவனைப் பற்றி அவர்களுக்குத் தெரியாதது நமக்குத் தெரியுமா என்ன?

பதில் 7: பாகூர் ஆசிரியை (கேள்வி கேட்டவர்)

மிக்க நன்றி. தலைமையாசிரியரிடம் கேட்டு அனுமதி வாங்கிவிட்டேன். வரும் சனிக்கிழமை முதலில் நெட்டப்பாக்கம், பிறகு கீழூர், நேரம் இருந்தால் கடைசியாகப் பெரிய மார்க்கெட். குபேரனைப் பற்றிக் கேட்ட பையனிடம் நேற்று மாலை விவரத்தை எல்லாம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப அவரு நல்லவரா கெட்டவரா டீச்சர்?" என்றான். நீ போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல் என்றேன். "நெட்டப்பாக்கத்துல கொடி ஏத்துன அந்த போலீஸ் ஸ்டேஷன் இன்னும் இருக்குதா?" என்பது அவனுடைய அடுத்த கேள்வி. அந்தப் பக்கத்து நண்பர்கள் யாராவது இருந்தால், பேருந்தை எங்கே நிறுத்திப் பிள்ளைகளை இறக்குவது வசதி என்று சொல்லுங்கள். முப்பத்திரண்டு பேர் வருகிறார்கள்.